தகப்பனார் பெயர்

ஆறு மணிக்கு வருவதாகப் பாண்டீஸ்வரி சொல்லியிருந்தாள். இப்போது நாலரை. வசந்தாமணி கடிகாரத்தைப் பார்ப்பதும், பார்க்காதவள் போல நாளிதழ்களை அடுக்குவதுமாக இருந்தாள். காலையில் நூலகத்துத் தொலைபேசி அடித்தபோது மாவட்ட அலுவலகமாகத்தான் இருக்கும், மாதாந்திர அறிக்கையைக் கேட்டு உயிரை எடுப்பார்கள் என்று அலட்சியமாக எடுத்தாள். "அக்கா, நான் பூவிதா அம்மா பேசுறேன்க்கா. சாயங்காலம் ஆறு மணிக்கு வாரேன். இருப்பீங்கள்ல?" குரலைக் கேட்டதும் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள். எதற்காக எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஏழு மணி வரைக்கும் இருப்பனுங்க, வாங்கோ என்று சொன்னது தன் வாய்தானா என்றும் சந்தேகமாக இருந்தது. பதினாறு நாளாக அந்தப் பெண்ணின் கண்ணில் படாமல் ஒளிந்து திரிகிறாள். பாண்டீஸ்வரி குடியிருக்கிற தண்ணித் தொட்டி வீதி முனை வரைக்கும் இரண்டு தடவை போயிருக்கிறாள். ஒரு தடவை கொத்தமல்லி வாங்கிக்கொண்டு திரும்பினாள், இன்னொரு தடவை அதுகூட வாங்கவில்லை. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரிதான். உங்க விலாசத்தை அந்த ஆளுக்கு எழுதிக் குடுத்தது நாந்தானுங்க. எத்தனை வார்த்தை, ஆறா ஏழா. இருபத்திரண்டு வருஷமாக வரி வரியாக அச்சடித்த காகிதங்களுக்கு நடுவில் குடித்தனம் நடத்துகிறவளுக்கு அந்த ஒரு வரி வாயில் வரவில்லை. வீட்டுக்காரர் நாச்சிமுத்துவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "நீ சொல்லாட்டி அவன் கண்டுபுடிச்சிருக்க மாட்டானா? வாய மூடீட்டு சும்மா இரு, உனக்கெதுக்கு இந்தப் பொல்லாப்பு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதல் அன்று ராத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

நாலே முக்காலுக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். செருப்பை உதறுகிற சத்தம், பையைச் சுவரோரம் எறிகிற சத்தம், "மிஸ், இவ என்ன தள்ளீட்டா மிஸ்." பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளுக்கு நூலகத்தில் இலவச வகுப்பு நடத்தலாம் என்று மேலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தபோது மற்ற கிளை நூலகர்கள் எல்லாம் தலைக்கு மேல் வேலை இருக்கிறது, இதுவேறா என்று அலுத்துக்கொண்டார்கள். வசந்தாமணி மட்டும் அன்றைக்கே ஜமுக்காளம் வாங்கிப் போட்டாள். சுற்றிலும் பனியன் கம்பெனிகள். அம்மாக்களுக்கு எட்டு மணி வரை வேலை. நாலு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் இந்தப் பெண் பிள்ளைகள் லைன் வீட்டுக்குள் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இங்கே வந்து நாலு எழுத்து படிக்கட்டுமே என்றுதான். திங்கள் முதல் வியாழன் வரை வகுப்பு. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கே விடுமுறை. வெள்ளிக்கிழமைகளில் பூவிதா பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள் என்று எதிர்த்த ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருநாள் சொன்னார். அட, பூட்டியிருந்தாலும் வருகிறதே இந்தப் பிள்ளை என்று வசந்தாமணிக்குப் பெருமை பிடிபடவில்லை. பூட்டிய கதவுப் படியைக்கூட ஒரு பிள்ளை வீட்டைவிடப் பத்திரமான இடமாக நினைக்கிறதே, ஏன் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். தோன்றாமல் போனதற்கு எந்தப் படிவத்தில் விளக்கம் எழுதிக் கொடுப்பது.

ஜோடி ஜோடியாக உட்காருங்கள் என்றாள். அவளுடைய வகுப்பில் அதுதான் முறை. ஒருத்தி சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவள் வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டு வர வேண்டும், பக்கம் முடிந்ததும் மாற்றிக்கொள்ள வேண்டும். பதினாறு பேர் இருந்தவரை எட்டு ஜோடி. இப்போது பதினைந்து. தினமும் சாஜிதா தனியாக மிச்சப்படுகிறாள், தினமும் அவள் எதுவும் கேட்காமல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மிஸ்ஸின் மேஜைப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். பத்து வயசுப் பிள்ளைக்கு இருக்கிற நாசூக்கு. ஒரு ஓணான் மழைக்காகக் காத்திருக்கிற கதையைச் சாஜிதா வாசிக்க ஆரம்பித்தாள். வசந்தாமணி விரல் வைத்தாள். சாஜிதாவுக்கு வலது பக்கம்தான் உட்கார வரும், அது பூவிதா பழக்கிவிட்டது. பூவிதா எப்போதும் ஜோடியை வலது பக்கமாகத்தான் உட்கார வைப்பாள். இடது பக்கம் யாராவது உட்கார்ந்தால் எழுந்து சுற்றிப் போய் இடம் மாற்றிக்கொள்வாள். வாசிக்கிற நேரத்தில் இந்தக் குடைச்சல் எதற்கு என்று எரிச்சலாக வரும். "எதுக்கு கண்ணு சும்மா சும்மா எடம் மாத்தற? ஒரு எடத்துல அடங்கி உக்காரு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள், இருபது தடவை இருக்குமா. இடது காதில் அந்த ஆள் விட்ட அறையில் அந்தப் பக்கம் கேட்பதே நின்றுவிட்டது என்று லைன் வீட்டுக்காரி ஒருத்தி சந்தையில் வைத்துச் சொன்னாள், எல்லாம் முடிந்து நாலாம் நாள். பூவிதா ஒரு தடவைகூட, எனக்கு அந்தக் காது கேட்காது மிஸ் என்று சொன்னதில்லை. சரிங்க மிஸ் என்று சொல்லிவிட்டு, கேட்காத காதைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, உதட்டைப் பார்த்தே விரலை நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறாள். வசந்தாமணியின் விரல் வரியை விட்டு விலகியிருந்தது. "மிஸ், கேக்கறீங்களா?" என்றாள் சாஜிதா. கேக்கறன் கண்ணு, படி.

தை மாதத்தில் ஒரு நாள் பாண்டீஸ்வரி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை, தலைமுடியில் எல்லாம் நூல் துணுக்கு. "எட்டு மணிக்குத்தேன் வேலை முடியும்க்கா. இங்கிட்டு காசில்லாம சொல்லிக் குடுக்குறீங்களாம்ல. புள்ளைய விட்டுட்டுப் போகலாமா?" தேனிப் பக்கத்துப் பேச்சு. திருப்பூரில் பாதி ஜனம் அந்தப் பக்கம்தான், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. நாலாம் வகுப்பு என்றார்கள், 'ப'வையும் 'ம'வையும் சேர்த்துப் படிக்கத் தெரியாமல் பிள்ளை திணறியது. உறுப்பினர் படிவத்தைக் கொடுத்தாள். பெயர், வயது, பள்ளி, விலாசம் எல்லாம் பூர்த்தியாகி வந்தது, தகப்பனார் பெயர் என்ற இடம் மட்டும் காலி. "அப்பா பேரு எழுதுலீங்களே?" "அது வேணாம்க்கா." "வேணாம்னா எப்படிங்? படிவத்துல காலி வுடக் கூடாதுங்க." விட்டிருக்கலாம். ஒரு கோடு போட்டு அனுப்பியிருக்கலாம். தணிக்கைக்கு வந்த அதிகாரி ஒருவர், இந்த நூலகத்துப் படிவங்களில்தான் அம்மா ஒரு கட்டம்கூடக் காலியில்லை என்று எல்லார் முன்னாலும் பாராட்டிவிட்டுப் போயிருந்தார், அந்தப் பாராட்டு அவள் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. பாண்டீஸ்வரி வாசலைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். பிள்ளை பேனாவை வாங்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு, செல்வபாண்டி என்று எழுதியது. படிக்கத் தெரியாத பிள்ளை அந்தப் பேரை மட்டும் தப்பில்லாமல் எழுதியது. வசந்தாமணி சந்தோஷமாக முத்திரை குத்தினாள்.

பத்தே மாதம். ஐப்பசி கழிவதற்குள் பூவிதா முழுப் புத்தகத்தை ஒரே மூச்சில் வாசித்தாள். நூலக வார விழா வந்தது. விழா நடந்தால் போதாது, படம் எடுத்து அனுப்ப வேண்டும். படம் இல்லாத நிகழ்ச்சி நடக்காத நிகழ்ச்சி, அலுவலகத்தில் அதுதான் சட்டம். பத்திரிகையில் வந்து, அதை வெட்டி ஒட்டி அனுப்பினால் இன்னும் விசேஷம். நடுவில் பூவிதாவை நிறுத்தினாள். "போட்டோ வேணாம் மிஸ். அம்மா திட்டும்." சீருடை பழசு, காலர் கிழிந்திருக்கிறது, அதற்குத்தான் பிள்ளை கூச்சப்படுகிறது என்று நினைத்தாள். எவ்வளவு கெட்டிக்காரி அவள், பிள்ளையின் மனசு தெரிந்தவள். தன் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிவிட்டாள், பவுடர் போட்டாள், சாஜிதாவிடமிருந்து நல்ல சட்டை வாங்கி மாட்டிவிட்டாள். பிள்ளை முகத்தைத் திருப்பத் திருப்ப, தாடையைப் பிடித்து, "நேராப் பாரு கண்ணு, ஊரே உன்னப் பாக்கோணும்" என்றாள். ஊரே பார்த்தது. மாவட்டப் பக்கத்தில் மூன்று பத்திக்கு வந்தது, கீழே பேரும் வகுப்பும் பள்ளியும் நூலகமும் ஒரு எழுத்து பிசகாமல் வந்தது, ஏனென்றால் செய்திக் குறிப்பை எழுதிக் கொடுத்ததே வசந்தாமணிதான். வாட்சப்பில் எல்லாக் குழுவிலும் போட்டாள். எந்தக் கம்பெனியில் வேலை செய்கிற எந்தத் தேனிக்காரன் அதைப் பார்த்து எவனுக்கு அனுப்பினானோ. மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் பாண்டீஸ்வரி வந்தபோது, ஏன்க்கா கேக்காமப் போட்டீங்க என்று மட்டும் கேட்டாள். சத்தம் போடவில்லை. "உங்க புள்ளைக்குப் பெருமதானுங்களே" என்றாள் இவள். பாண்டீஸ்வரி எதையோ சொல்ல வந்து, கம்பெனி வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். அந்த அரை நிமிஷம் அவள் நின்றிருந்தால், இவள்தான் நிற்க வைத்துக் கேட்டிருந்தால். அந்த இடத்துக்கு வந்ததும் வசந்தாமணியின் நினைப்பு பதினாறு நாளாகச் சுற்றிச் சுற்றி நிற்கிறது, அதைத் தாண்டிப் போவதில்லை.

தாண்டினால் அந்தச் சனிக்கிழமை. காலை பத்து மணி. வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தான். உள்ளே வந்ததும் எதுவும் கேட்கவில்லை, உட்கார்ந்து பேப்பர் படித்தான். படித்து முடித்ததும் தாள்களை வரிசையாகச் சேர்த்து, மடிப்பு மாறாமல் மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தான். ஊரில் எத்தனை பேர் அப்படி வைக்கிறார்கள். பேப்பரைப் பிரித்துப் போட்டபடியே போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்தவளுக்கு அந்த மடிப்பைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. அவன் செல்போனில் படத்தைக் காட்டினான். "எம்பொண்ணுங்க மேடம். வெளியூர்ல வேலை. லீவுல வந்தேன், வீடு மாத்திட்டாங்க போல, போன் எடுக்கல. சாயந்திரமே திரும்பணும், அதுக்குள்ள ஒருக்காப் பாத்துட்டுப் போயிருவேன். எம்பேரு செல்வபாண்டிங்க." அவள் படிவப் பெட்டியைத் திறந்து தேடி எடுத்தாள். தகப்பனார் பெயர், செல்வபாண்டி. பேர் சரியாக இருந்தது. பேர் சரியாக இருந்தது என்பதைத் தவிர வேறு எதையும் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கேட்டவருக்குக் கேட்டதைத் தேடி எடுத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை, எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்பது இல்லை. மற்றவர்களைப் போல அந்த அலமாரியில் பாருங்கள் என்று கையைக் காட்டுகிறவளும் இல்லை அவள், எழுந்து போய் எடுத்துக் கையில் கொடுப்பாள். அவனுக்கும் அப்படித்தான் செய்தாள். பேனா இல்லை என்றான், தானே துண்டுத் தாளில் எழுதினாள். தண்ணித் தொட்டி வீதி, மூன்றாவது லைன், பச்சைக் கதவு. பச்சைக் கதவு என்பது படிவத்தில்கூட இல்லை, பூவிதா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னது. பாவி, அதையும் சேர்த்து எழுதினாள். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். பதினொரு மணிக்குப் பச்சைக் கதவைத் தட்டியிருக்கிறான். பாண்டீஸ்வரி வேலையில் இருந்தாள். கதவைத் திறந்தது பிள்ளை. பன்னிரண்டு மணிக்குள் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். போலீசில் கேட்டதற்கு, பெத்த அப்பன்தானேம்மா கூட்டிக்கிட்டுப் போயிருக்கான் என்றார்களாம். திங்கள்கிழமை வகுப்பில் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் இதைச் சொன்னபோது வசந்தாமணி வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள், பூவிதாவின் பேருக்கு நேராக என்ன போடுவது என்று தெரியாமல் அன்றைக்கு முழுக்க அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டாள்.

மணி அஞ்சே முக்கால். மார்கழி இருட்டு சீக்கிரமே வந்துவிட்டது, விளக்கைப் போட்டாள். எப்படி ஆரம்பிப்பது. உட்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா என்று ஆரம்பிக்கலாம். அழுதுவிடக் கூடாது, முதலில் அழுகிறவளை அடிக்க முடியாது, அது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற இன்னொரு அநியாயம். அவள் அடிக்கட்டும். காறித் துப்பட்டும். பிள்ளைகள் பார்ப்பார்களே, பார்க்கட்டும். இல்லை, சொல்லாமலே விட்டுவிடலாமா. அவளுக்குத் தெரியாது. அந்த ஆளையும் இவளையும் விட்டால் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். பத்திரிகையைப் பார்த்து எப்படியோ கண்டுபிடித்துவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள், நினைத்துக்கொண்டே இருக்கட்டும், சொல்வதால் பிள்ளை வந்துவிடுமா. சாஜிதா, இந்த வரியத் திரும்பப் படி. சொல்லாவிட்டால் அக்கா அக்கா என்று கூப்பிடுவாளே, அந்த அக்காவை எப்படிக் காது கொடுத்துக் கேட்பது. எழுந்து போய்ப் பின்பக்கக் குழாயில் முகம் கழுவினாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. திரும்பி வந்தபோது மணி ஆறு பத்து, பாண்டீஸ்வரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பதினாறு நாளில் பாதியாகிவிட்டிருந்தாள். பிள்ளைகளைப் பார்த்ததும் அவள் கண் ஒவ்வொரு முகமாகத் தாண்டிப் போய், கடைசி முகத்தில் வந்து நின்று, கீழே இறங்கியது.

"உள்ள வாங்கோ" என்றாள் வசந்தாமணி. தண்ணி குடிக்கறீங்களா என்பது மறந்துபோயிற்று. பாண்டீஸ்வரி உட்காரவில்லை. "ஒரு லெட்டர் வேணும்க்கா. குழந்தைகள் நலக் குழுவுல மனு குடுத்துருக்கேன், நாளைக்குத் தேனியில விசாரணை. எங்கிட்ட இருந்தப்ப புள்ள ஒழுங்காப் படிச்சா, தெனமும் இங்க வந்தான்னு கவர்மெண்டு ஆளு யாராச்சும் எழுதிக் குடுத்தா நல்லதுன்னு வக்கீலம்மா சொன்னாங்க. ஸ்கூல்ல கேட்டேன், மேல கேட்டுத்தான் குடுக்கணுமாம்." வசந்தாமணி ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "பாண்டீஸ்வரி, நானொண்ணு சொல்லோணுமுங்க. அந்த ஆளு இங்கதான் வந்தாரு. உங்க விலாசத்த எழுதிக் குடுத்தது நாந்தானுங்க."

"தெரியும்க்கா."

வசந்தாமணிக்கு அது சரியாகக் காதில் விழவில்லையோ என்று இருந்தது.

"அன்னைக்கே போன் போட்டுச் சொன்னாரு. லைப்ரரி மேடம் தங்கமானவங்க, கேட்டதும் வீட்டு அடையாளம் மொதக்கொண்டு எழுதிக் குடுத்தாங்கன்னு." பாண்டீஸ்வரியின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "நாலஞ்சு நாளு உங்கள வையாத வசவு இல்ல. மண்ண வாரித் தூத்தணும்னு இருந்துச்சு." "அப்பறம் எதுக்குங்க எங்கிட்ட வந்தீங்க?" என்று கேட்டாள் வசந்தாமணி. "வேற யாருகிட்டக்கா போவேன்? இந்த ஊர்ல எம்புள்ளையத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான். எழுதுங்கக்கா. ஏழு மணிக்கு பஸ்ஸு."

எழுதினாள். செல்வி பூவிதா இந்நூலகத்தின் மாலை நேர இலவச வகுப்புக்குப் பத்து மாதங்கள் ஒரு நாளும் தவறாமல் வந்தாள் என்றும், வந்தபோது எழுத்துக் கூட்டத் தெரியாதவள் இன்று முழுப் புத்தகம் வாசிக்கிறாள் என்றும், தாயார் எட்டு மணி வரை வேலை செய்தும் மகளைத் தலை வாரிச் சுத்தமாக அனுப்பினார் என்றும் எழுதினாள். கை தானாக அடுத்த வரிக்குப் போயிற்று. சிறுமியின் வீட்டு விலாசத்தை நானே அறியாமையால். பாண்டீஸ்வரி குனிந்து, எழுத்து மேல் விரலை வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தாள், அந்த இடத்தில் விரல் நின்றது. "இது வேணாம்க்கா." "நெசத்த எழுதோணுமுங்க." "இத எழுதுனா, இந்தம்மாதான் புள்ளையவே காட்டிக் குடுத்துச்சு, இது சொல்றத எப்பிடி நம்புறதுன்னு கேப்பாங்க. உங்களுக்கு மனசு ஆறும். எனக்குப் புள்ள வேணும்க்கா. வேற தாள்ல எழுதுங்க." வசந்தாமணி அந்தத் தாளைக் கிழித்தாள். இன்னொரு தாள் எடுத்து, முதலில் இருந்து, அந்த ஒரு வரி மட்டும் இல்லாமல் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். நூலக முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினாள், அது சாய்வாக விழுந்தது, பரவாயில்லைக்கா என்றாள் பாண்டீஸ்வரி.

கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் திரும்பினாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வசந்தாமணி கேட்டாள், "பாப்பா பேசுனாளுங்களா?" பாண்டீஸ்வரி வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். "ஒரே ஒருக்காப் பேச விட்டாரு. மிஸ்ஸுதான் அப்பாவ அனுப்புனாங்கன்னு சொல்லிருக்காரு அவகிட்ட. 'லைப்ரரிப் புஸ்தகத்த நாள் தவறி வச்சிருந்தேன்ல, அதுக்காம்மா மிஸ் அப்பாவக் கூப்பிட்டாங்க'ன்னு கேட்டா. 'பைக்குள்ளதான் வச்சிருக்கேன், கிழிக்கல, குடுத்துருறேன்னு மிஸ்கிட்டச் சொல்லு, வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு'ன்னு அழுதா. அதுக்கில்லடின்னு நான் சொல்றதுக்குள்ள அவரு போன வாங்கிட்டாரு. வாரேன்க்கா." படியில் இறங்கி, சாலையைத் தாண்டி, பஸ் நிற்கிற பக்கமாக வேகமாக நடந்தாள்.

"அதுக்கில்ல சாமி" என்று வசந்தாமணி உரக்கச் சொல்லிவிட்டாள். வாசலில் யாரும் இல்லை. பதினைந்து பிள்ளைகளும் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.